யெட்டெ புரூன்ஸ் (1813–1899)

யெட்டெ புரூன்ஸ், ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் பிறந்து, 1836இல் மருத்துவரான கணவருடனும் கைக்குழந்தையுடனும் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, காடு திருத்தி அமைத்த ஊர் ஒன்றிலும் பின்னர் மாநிலத் தலைநகரான ஜெஃபர்சன் சிட்டியிலும் வாழ்ந்து மறைந்த பெண்மணி. ஹென்ரியெட்டெ கைஸ்பெர்க் என்பது இவருடைய பிறந்த வீட்டுப் பெயராகும். அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தாய்நாட்டிலிருந்த உறவினருக்கு இவர் எழுதிய கடிதங்கள், எல்லைப்புற வாழ்க்கையைப் பெண்ணின் நிலையிலிருந்து காட்டும் முதன்மையான சான்றுகளாகக் கருதப்படுகின்றன. எல்லைப்புறம் என்பது இங்கு நாட்டின் எல்லைக்கோட்டைக் குறிப்பதன்று. அரசு நிலத்தை அளந்து விற்கத் தொடங்கிய பின்னும் சாலை, சந்தை, பள்ளி, கோயில் ஆகியவை வந்து சேராத, புதிதாக மக்கள் குடியேறிக்கொண்டிருந்த மேற்குப் பகுதியையே அது குறிக்கும். குடியேறியோர் ஆளற்ற காடு என்று எண்ணிய இந்நிலம் ஓசேஜ் என்னும் பழங்குடி மக்களுடையது. 1808, 1825 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் அவர்கள் இதனை இழந்து மேற்கே செல்ல நேர்ந்தது.

குடியேற்றத்தின் பின்னணி

ஜெர்மானியர் மிசூரிக்குத் திரண்டு வந்ததற்கு ஒரு நூலே பெருங்காரணம் என்று கூறுவது வழக்கம். காட்ஃப்ரீட் டூடன் என்பவர் 1824இல் மிசூரிக்கு வந்து, இன்றைய வாரன் மாவட்டப் பகுதியில் நிலம் வாங்கி, மூன்றாண்டுகள் தங்கியபின் ஊர் திரும்பி, 1829இல் தம் அனுபவங்களைக் கடித வடிவில் நூலாக வெளியிட்டார். நிலத்தின் வளம், வரிச்சுமையின்மை, அரசு அதிகாரிகளின் தலையீடின்மை ஆகியவற்றை அந்நூல் கவர்ச்சியாக எடுத்துரைத்ததால் ஜெர்மன் மொழி வழங்கிய நாடுகளெங்கும் பரவிற்று. கையில் பணம் வைத்திருந்து, கூலிக்கு ஆள் அமர்த்திக் காடு வெட்டுவித்த ஒருவரின் பார்வை அது என்பதை வாசகர் கவனிக்கவில்லை. நூலை நம்பி வந்து துன்புற்றோரின் குறைகூறல் பெருகவே, டூடன் 1837இல் தம்மைத் தாமே குற்றஞ்சாட்டிக்கொள்ளும் சிறு வெளியீடு ஒன்றையும் எழுத வேண்டியதாயிற்று. சோப்புக் காய்ச்சுவது யார், தண்ணீர் சுமப்பது யார், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்பவை அவருடைய நூலில் இடம்பெறும் வினாக்கள் அல்ல.

அரசியல் அடக்குமுறையே குடிபெயர்வுக்குக் காரணம் என்று சில வரலாற்றாசிரியர் எழுதியிருப்பினும், வெஸ்ட்ஃபாலியாவைப் பொறுத்தவரை பொருளாதாரமே உண்மைக் காரணமாகும். 1815க்குப் பின் பிரஷ்ய ஆட்சிக்கு உட்பட்ட இப்பகுதியில் பண்ணை நிலம் பிரிக்கப்படாமல் ஒரே வாரிசுக்குச் சென்றதால், ஏனைய பிள்ளைகள் பெரிய பண்ணைகளைச் சார்ந்து உழைப்பை வாடகையாகக் கொடுத்து வாழும் குத்தகைக் கூலிகளாயினர். அவர்களுக்குத் துணைவருவாய் தந்த கைத்தறி நார்த்துணித் தொழில் ஆலைத்துணியின் போட்டியால் நலிந்தது. அமெரிக்க அரசோ ஏக்கர் ஒன்றுக்கு 1.25 டாலர் வீதம் நிலம் விற்றது. 1832 முதல் 40 ஏக்கர் அளவிலும் வாங்கலாம் என்பதால் 50 டாலர் உள்ளவர் எவரும் நிலவுடைமையாளராக முடிந்தது.

குடியேற்ற வகைகள்

மிசூரியின் ஜெர்மானியக் குடியேற்றங்களை மூவகையாகப் பிரிக்கலாம். சங்கம் அமைத்துத் திட்டமிட்டு வந்தவை முதல் வகை. பவுல் ஃபாலன், ஃபிரீட்ரிக் மூன்ஷ் ஆகியோர் தலைமையில் 1834இல் வந்த கீசன் சங்கமும், ஃபிலடெல்ஃபியாவில் அமைந்த குடியேற்றச் சங்கம் 1837இல் நிறுவிய ஹெர்மன் நகரும், சமயக் காரணத்தால் புறப்பட்டு 1839இல் பெர்ரி மாவட்டத்தில் அமர்ந்த சாக்சனி லூதரியரும் இதில் அடங்குவர். இரண்டாம் வகையினர் தனித்தனியே வந்த கற்றோர். இவர்கள் லத்தீன் உழவர் என்று அழைக்கப்பட்டனர். லத்தீனும் கிரேக்கமும் அறிந்து ஏர் பிடிக்க அறியாதவர் என்ற கேலி அப்பெயரில் உண்டு. மூன்றாவது, ஒருவர் வந்து நிலைபெற்றதும் கடிதம் எழுதி உறவினரையும் ஊராரையும் வரவழைக்கும் சங்கிலிக் குடியேற்றம். ஓசேஜ் ஆற்றின் கிளையாகிய மேரிஸ் ஆற்றங்கரையில் 1835 அளவில் தோன்றிய வெஸ்ட்ஃபாலியா என்னும் ஊர் இம்மூன்றாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். மியூன்ஸ்டர் வட்டாரத்துக் கத்தோலிக்க உழவரே அதில் மிகுதி. ஆயினும் யெட்டெயின் கணவரான மருத்துவர் பெர்ன்ஹார்ட் புரூன்சும் அவரையொத்த கற்றோர் சிலரும் அங்கு வாழ்ந்தமையால் இரண்டாம் வகையின் சாயலும் அதற்கு உண்டு. இக்கலப்பே பிற்காலப் பூசல்களுக்கு வித்தாயிற்று. 1838இல் அங்கு வந்த ஃபெர்டினான்ட் எலியாஸ் என்னும் பெல்ஜிய நாட்டு இயேசு சபைப் பாதிரியாரின் கண்டிப்பை உழவர் ஏற்றுக்கொள்ள, கற்றோர் ஏற்க மறுத்தனர். 1842இல் அவர் அவ்வூரைவிட்டு நீங்கினார்.

வாழ்க்கை

யெட்டெ ஓயல்டெ என்னும் சிற்றூரில் நகர நிர்வாகப் பொறுப்பிலிருந்த குடும்பத்தில் மூத்த மகளாக வளர்ந்தார். பெற்றோரை இளமையிலேயே இழந்து, தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பையும் ஏற்ற இவர் 1832இல் புரூன்சை மணந்தார். குடிபெயரும் முடிவு கணவருடையது. யெட்டெ அதற்கு இசைந்தாரேயன்றி விரும்பினாரல்லர். 1835இல் முன்சென்று நிலம் பார்த்துத் திரும்பிய கணவருடன், மறு ஆண்டு மகன் ஹெர்மனையும் உடன்பிறந்தோர் இருவரையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். அக்காலத்தில் மிசூரிக்கு வருவோர் நியூ ஆர்லியன்சில் இறங்கி மிசிசிப்பி ஆற்றை எதிர்த்து நீராவிப் படகில் வருவதும், பால்டிமோரில் இறங்கித் தரைவழியே மலை கடந்து ஓஹையோ ஆற்றைப் பிடிப்பதும் உண்டு. புரூன்ஸ் குடும்பம் இரண்டாம் வழியில் வந்து, இலையுதிர்காலத்தின் இறுதியில் ஊரை அடைந்தது.

முழு மரத்துண்டுகளை அடுக்கி, இடைவெளியைக் களிமண்ணால் அடைத்துக் கட்டும் மரக்கட்டை வீடே எல்லைப்புறத்தின் பொதுவான உறைவிடம். சாம்பல்நீரையும் பன்றிக்கொழுப்பையும் காய்ச்சிச் சோப்புச் செய்தல், மெழுகுத்திரி வார்த்தல், மோர் கடைதல், நூல் நூற்றல், திறந்த அடுப்பில் சோளரொட்டி சுடுதல் ஆகிய அனைத்தும் பெண்களின் பொறுப்பு. பணிப்பெண்கள் கிடைப்பது அரிது. திருமண வயதுப் பெண்கள் குறைவாதலால், உடன் அழைத்து வந்தவர்களும் விரைவில் மணமாகிச் சென்றுவிடுவர். மருத்துவர் குதிரையேறித் தொலைவிலுள்ள நோயாளிகளிடம் செல்கையில் வீடும் பண்ணையும் மனைவியின் கையில் விடப்பட்டன. மருத்துவக் கூலி பல வேளைகளில் பணமாக வரவில்லை. வராமலே போனதும் உண்டு.

குளிரும் வெப்பமும் மாறிமாறி வாட்டும் முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, ஆற்றோர ஊர்களில் ஆண்டுதோறும் கண்டது. மருத்துவர் வீடாயினும் நோய் விடவில்லை. 1841இன் இலையுதிர்காலத்தில் சீதபேதி பரவியபோது மூன்று வாரங்களுக்குள் யெட்டெயின் மூன்று குழந்தைகள் இறந்தனர். தாய்நாட்டு ஏக்கம் முன்பே இருந்ததாயினும், அதன்பின் எழுதிய கடிதங்களில் அது ஆழ்ந்த கசப்பாக மாறியிருப்பதைக் காணலாம். இவரை எல்லைப்புறத்தின் வீராங்கனையாகப் பாராட்டுவோர் இக்கசப்பைக் குறைத்துக் கூறுவது முறையன்று.

1850களில் குடும்பம் வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜெஃபர்சன் சிட்டிக்கு இடம்பெயர்ந்தது. மிசூரி அடிமைமுறை நிலவிய மாநிலம். ஜெர்மானியருள் பெரும்பாலோர் அதனை வெறுத்தமையால் 1861இல் மூண்ட உள்நாட்டுப் போரில் ஒன்றிய அரசின் பக்கம் நின்றனர். புரூன்ஸ் ஒன்றியப் படையில் அறுவை மருத்துவராகவும் நகர மேயராகவும் பணியாற்றினார். மகன் ஹைன்ரிச் 1863இல் மிசிசிப்பிப் போர்முனையில் மாண்டார். மறு ஆண்டு கணவரும் காலமானார். கடன்சுமையுடன் கைம்பெண்ணான யெட்டெ, சட்டமன்றக் கட்டடத்துக்கு எதிரேயிருந்த தம் வீட்டைப் பணம் பெற்று உணவும் உறைவிடமும் தரும் விடுதியாக்கினார். தீவிரக் குடியரசுக் கட்சியினர், அதாவது அடிமைமுறையை உடனடியாக ஒழிக்க வேண்டும் என்ற பிரிவினர், அங்கு தங்கி விவாதித்தனர். மாநில அரசியலமைப்புப் பேரவை 1865 ஜனவரியில் அடிமைமுறையை ஒழித்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் ஆர்னால்ட் கிரெக்கல் என்னும் ஜெர்மானியரே. இவ்வரசியலில் யெட்டெக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் அரசியல்வாதிகளுக்குச் சோறிட்டுக்கொண்டே அவர்தம் பேச்சை அவர் உன்னிப்பாகக் கேட்டு வந்தார்.

கடிதங்களும் வாழ்க்கைக் குறிப்பும்

பிள்ளைகளுக்காக யெட்டெ தம் வாழ்க்கைக் குறிப்பு ஒன்றையும் எழுதிவைத்தார். அதனையும் கடிதங்களையும் அடால்ஃப் ஷ்ரோடர், கைஸ்பெர்க் குடும்ப வழியினரான கார்லா ஷூல்ட்ஸ்-கைஸ்பெர்க் ஆகிய இருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்துப் பதிப்பிக்க, மிசூரிப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1988இல் நூலாக வெளியிட்டது. இவர் எழுத்தறிந்த நடுத்தர வர்க்கத்தவர் என்பதால், எழுதத் தெரியாத உழவர் மகளிரின் நிலையை முழுதும் இக்கடிதங்களிலிருந்து அறிய இயலாது. எனினும் மிசூரிக் குடியேற்றத்தை அறிய முதலில் படிக்க வேண்டியது டூடனின் நூலன்று, இக்கடிதங்களே.

வெஸ்ட்ஃபாலியா இன்றும் ஓசேஜ் மாவட்டத்தில் கத்தோலிக்கர் மிகுந்த சிற்றூராக உள்ளது.