1906 அக்டோபர்: ஒரே மாதம், ரெண்டு கம்பெனி

கார்ப்பரேட் ஃபைனான்ஸ்னு சொன்னாலே எக்செல் ஷீட்டும் ஃபார்முலாவும்தான் பலருக்கு ஞாபகம் வரும். எனக்கு அது வரலாறு படிக்கும்போதுதான் புரிஞ்சுது. அதுவும் 1906 அக்டோபர்ங்கிற ஒரே மாதத்துல.

அக்டோபர் 16. வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்கிறார். திட்டமிட்ட மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள்.

ஆறே நாள் கழித்து, அக்டோபர் 22. மெட்ராஸின் பெரிய வங்கி நிறுவனமான அர்பத்நாட் அண்ட் கோ கதவை மூடுகிறது. ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு உள்ளே மாட்டிக்கொள்கிறது.

ரெண்டுமே ஊரார் பணம்தான். ஆனா ஒரே மாதிரிப் பணம் இல்லை.

அர்பத்நாட்டிடம் இருந்தது டெபாசிட், அதாவது கடன். கேட்டால் திருப்பித் தரணும். அந்தப் பணமோ லண்டன் கூட்டாளியின் ஊக வணிகத்தில் முடங்கிப்போனது. சீக்கிரம் திருப்பித் தரவேண்டிய பணத்தை, சீக்கிரம் திரும்பாத இடத்தில் போட்டால் என்ன ஆகும்? நம்பிக்கை போன அன்றைக்கே கதை முடிஞ்சுது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

சுதேசி கம்பெனியின் பணம் பங்கு மூலதனம். அதை யாரும் 'நாளைக்கே கொடு'ன்னு கேட்க முடியாது. அப்படின்னா அது தப்பிச்சுதா? இல்லை. தூத்துக்குடி - கொழும்பு வழியில் போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்தது. அவர்களுக்கு மற்ற வழித்தடங்களின் லாபம் கைகொடுத்தது. சுதேசிக்கு ஒரே வழித்தடம். டிக்கெட் விலை குறைஞ்சாலும் நிலக்கரிச் செலவும் சம்பளமும் குறையாதே! 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அர்பத்நாட்டைக் கொன்றது நம்பிக்கை இழப்பு. சுதேசியைக் கரைத்தது விலைப் போர், அதோடு அரசின் அடக்குமுறை. முதலாவது ஒரே நாளில் நடந்தது, ரெண்டாவது கொஞ்சம் கொஞ்சமா.

அர்பத்நாட் இடிபாட்டிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் இந்தியன் வங்கியை உருவாக்கினாங்க. 1907 ஆகஸ்ட் 15-ல் திறந்த அந்த வங்கி இன்னிக்கும் இருக்கு.

அடுத்த தடவை உங்க போன்ல ஏதாவது ஆப் கூடுதல் வட்டி தர்றேன்னு சொன்னா, ரெண்டே கேள்வி கேளுங்க: என் பணம் எங்கே போகுது? நான் கேட்கும்போது அது அங்கிருந்து திரும்பி வருமா?