மாத்திரையை எண்ணியவர்கள்

வேளச்சேரியில் காலை நடை போகிறவரிடம் கேளுங்கள். எத்தனை அடி நடந்தார் என்பதைக் கைபேசி சொல்லிவிடும். வீட்டிலிருப்பவரின் உடல்நலத்தைக் கணக்கு வைப்பது சென்னைக்குப் புதிதன்று.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியம், படுக்கைகளோ போதவில்லை. நோயாளி வீட்டிலிருந்தே மருந்து உண்டால் குணமாகுமா? உண்டாரா என்பதை எப்படி அறிவது? முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். மாத்திரையைத் தெருவிலும் எறியலாம் அல்லவா? எனவே சிறுநீரையும் சோதித்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது: ஓராண்டில் வீட்டு நோயாளிகள் ஏறக்குறைய சானடோரியத்தார் அளவுக்கே தேறியிருந்தனர், வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை.

பின்னாளில் வந்த 99டாட்ஸ் முறையில், மாத்திரையை எடுத்ததும் அட்டையில் மறைந்திருந்த தொலைபேசி எண் தெரியும். கட்டணமின்றி அழைத்தால் பதிவாகிவிடும். அழைத்தவர் விழுங்கினாரா என்பது மட்டும் அதற்குத் தெரியாது.