பள்ளி: கற்படுக்கையிலிருந்து யூதர் தொழுகைவரை

சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்க வரும் பலர், அதே குன்றின் ஏழடிப்பட்டத்துக்கு ஏறாமலே திரும்பிவிடுகிறார்கள். அங்கே குகைத் தரையில் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலைப்பக்கம் சற்றே மேடாக, தலையணை போலச் செதுக்கியவை. அங்குள்ள தமிழ்ப்பிராமிக் கல்வெட்டு அந்த இடத்தை ‘அதிட்டானம்’ என்கிறது. மதுரைக்கு அருகே மாங்குளத்தில் இதே போன்ற துறவியர் இருப்பிடத்துக்கு வெட்டியிருக்கும் பெயர் ‘பள்ளி’. படுத்துறங்கும் இடம் என்பது அதன் முதற்பொருள். திருமயத்தில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார் என்கிறோமே, அதில் இருப்பது இந்தப் பழம்பொருள்தான்.

படுக்கை, அது கிடந்த குகை, துறவியர் தங்கிய மடம், அவர்கள் வழிபட்ட கட்டடம் என்று பொருள் விரிந்துகொண்டே போயிற்று. சோழர் காலத்தில் சமண, பௌத்தக் கோயில்கள் பள்ளிகள். அவற்றுக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிப்பட்டியில் சிதைந்து நிற்கும் சமணக் கோயிலுக்கு ஐந்நூற்றுவப் பெரும்பள்ளி என்று பெயர். ஐந்நூற்றுவர் கடல் கடந்தும் வணிகம் செய்த கூட்டத்தார். சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில், வேறு நெறியாருக்குப் பள்ளி என்ற இந்த வழக்கில் இழிவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கோ இருக்கும் இல் கோயில். பள்ளியில் முதலில் இருப்பவர்கள் மனிதர்கள்: தங்குபவர்கள், ஓதுபவர்கள், கேட்பவர்கள்.

அதனால்தான் கடல்வழி வந்தவர்களுக்கும் இந்தச் சொல் எளிதாகக் கிடைத்தது. கொல்லத்தில் 849ஆம் ஆண்டுச் செப்பேடு பெற்ற கிறித்தவக் கோயில் தரிசாப்பள்ளி. வட்டெழுத்தில் அமைந்த அந்த ஆவணத்தில் சாட்சிகள் அரபியிலும் பகலவியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மீமிசலுக்குத் தெற்கே, இன்றைய இராமநாதபுரம் மாவட்டத் தீர்த்தாண்டதானத்தின் 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அஞ்சுவண்ணம் என்ற மேலைக்கடல் வணிகர் குழுவைக் குறிக்கிறது. முஸ்லிம்களின் பள்ளிவாசல் இந்த மரபில் வந்ததே. அதே 1269ஆம் ஆண்டைத் தாங்கிய எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று கேரளத்துச் சேந்தமங்கலத்தில் இருக்கிறது. இஸ்ரயேலின் மகள் சாரா என்ற பெண்ணுக்கு நட்ட கல் அது.

சாராவின் இனத்தாரான கொச்சி யூதர்கள் தங்கள் தொழுகைக் கூடத்தைப் பள்ளி என்றே சொன்னார்கள்: மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளி, கடவும்பாகம் பள்ளி, தெக்கும்பாகம் பள்ளி. இந்தச் சொல்லுக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன். அங்கே திருவுருவம் இல்லை. பேழைக்குள் தோரா என்னும் மறைநூலின் சுருள்கள். கூடத்தின் நடுவே நின்று வாசிக்க ஒரு மேடை. மாடியில் பெண்கள் பகுதியை ஒட்டி இன்னொரு மேடை. மாடியில் இரண்டாவது மேடை வைப்பது கேரளப் பள்ளிகளுக்கே உரிய அமைப்பு. ஐரோப்பாவில் இத்திஷ் பேசிய யூதர்களும் தொழுகைக் கூடத்தை ‘ஷூல்’ என்றார்கள்; ஜெர்மன் மொழியில் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் சொல்லின் உறவு அது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள், ஓதுமிடத்துக்கும் தொழுமிடத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன.

பள்ளி நடக்க ஆள் வேண்டும். வயதுவந்த ஆண்கள் 10 பேர் கூடினால்தான் முழுக் கூட்டுத்தொழுகை என்பது மரபு. சாவு வீட்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அடக்கம் முடிந்தபின் 7 நாள், ஷிவா, உறவினர் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்திருப்பார்கள். ஊர் அவர்களைத் தேடி வரும். இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, முழுவதும் இறைவனின் புகழ்ச்சி. அதைத் தனியாகச் சொல்ல இயலாது. அந்த 10 பேர் வேண்டும். துக்கப்படுபவரைத் தனியே விடாத இந்த ஏற்பாட்டின்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள்; காலப்போக்கில் பரதேசிப் பள்ளிக்கும் உள்ளூரில் 10 பேர் சேராத நிலை வந்தது. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உட்பகுதியை இன்று ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பள்ளி என்ற சொல்லைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் மலையாளத்தில் பாட்டு இருந்தது. திருமணத்திலும் திருநாளிலும் பாட, அவற்றைக் கையேடுகளில் எழுதி வைத்துக்கொண்டார்கள். கடல் கடக்கும்போது அந்த ஏடுகளும் கூடப் போயின. ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் 2005இல் இப்பாடல்களை எபிரேய மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார்கள். அந்தத் தொகுப்பின் பெயர் ‘கார்குழலி’. நமக்கு உரை தேவைப்படாத பெயர்.

பழைய தமிழ் விவிலியம் யூதர் தொழுமிடத்தை ஜெபஆலயம் என்றது. கிறித்தவ வாசகருக்குப் பழகிய சொல், அதில் குறையில்லை. ஆனால் ஆலயம் என்றதும் உள்ளே ஒரு சந்நிதி மனத்தில் எழுகிறது. ஓதலும் படிப்பும் துக்கத்துக்குக் கூடும் 10 பேரும் மறைந்துபோகிறார்கள். கொச்சியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களாவது, அம்மக்கள் தாங்களே சொன்னபடி யூதப் பள்ளி என்று எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.