யாளிக்கு ஊர் எது?



மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மாமல்லபுரம் தாண்டிச் சுமார் 5 கி.மீ.யில் சாளுவன்குப்பம். அங்கே பல்லவர் காலத்துப் பாறை மண்டபம் ஒன்று உண்டு. பெயர் 'புலிக்குகை'. ஆனால் புலி ஏது? வாசலைச் சுற்றி வாய் பிளந்து நிற்கும் 11 தலைகளும் யாளித் தலைகள்தான்! கூட்டிப்போகும் வெளியூர் நண்பர்கள், "அப்ப யாளின்னா என்ன அர்த்தம்?" என்று என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

வடமொழி 'வியாளம்'தான் யாளி ஆயிற்று என்பது பலரும் சொல்லும் பதில். அங்கே அதற்குப் பாம்பு, கொடிய விலங்கு, முரட்டு யானை என்று பல பொருள். நம்மூர்ப் பேச்சும் இதற்குச் சாட்சி சொல்லும். உப்பு மூட்டை ஏற்றுகிறவர் வாயில் வியாபாரம் 'யாவாரம்'தானே? அப்படியானால் வியாளம் யாளியாக என்ன தடை? கோயிலில் யாளிகளை வரிசையாகச் செதுக்கிய பகுதியைச் சிற்பக்கலை எழுதுவோர் 'வியாழவரி' என்றும் எழுதுகிறார்கள்.

இருந்தும் எனக்கு மனசு ஒப்பவில்லை. சங்கப் பாட்டிலேயே 'ஆளி' இருக்கிறது. பொருநராற்றுப்படையில் இளம் கரிகாலனுக்கு உவமையே ஆளிக் குட்டிதான். பால்குடி மறக்கும் முன்னே, முதல் வேட்டையில் களிற்றைச் சாய்த்துவிடுகிற குட்டி. அகநானூற்றில் ஆளி யானையின் தந்தத்தையே பிடுங்குகிறது. ஆடு–யாடு, ஆறு–யாறு, ஆனை–யானை, ஆமை–யாமை என்பதெல்லாம் தமிழில் சகஜம். ஆளி–யாளியும் அந்த வரிசையில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. வியாளத்திடம் கடன் கேட்க வேண்டியதில்லை. ('ஆளுவதால் ஆளி' என்று மேடையில் சொல்லுவாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆதாரம்தான் இல்லை.)

என் எண்ணம் இது: பாட்டில் இருந்த ஆளி வேறு, சிற்ப நூலின் வியாளம் வேறு. சிம்மத் தலை, யானைத் தலை என்று தலையை மாற்றி மாற்றி வைப்பது வியாளத்தின் வழக்கம். ஒலியும் உருவமும் கிட்டத்தில் இருந்ததால் சிற்பியின் உளியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மதுரை ஆயிரங்கால் மண்டபத் தூண்களில் பாய்ந்து நிற்பது இந்தக் கலப்பு யாளிதான். யாளி நிஜமாகவே வாழ்ந்து அழிந்த மிருகம் என்று இப்போது வீடியோக்கள் சுற்றுகின்றன. ஓர் எலும்பைக்கூட யாரும் காட்டியதில்லை.

அந்தப் பக்கம் வந்தால் சொல்லி அனுப்புங்கள், கூட வருகிறேன். 11 தலைகளையும் எண்ணிவிட்டு வாதாடலாம்.