கரண்ட் நிஜமாவே போயிடுச்சா?

மங்களூர் என்றதும் எல்லாரும் கர்நாடகா பக்கம் போய்விடுவார்கள். நான் சொல்வது விருத்தாசலம் பக்கத்து மங்களூர். எங்களுக்கு ரயில் என்றால் விருத்தாசலம் ஜங்ஷன்தான். பீங்கானுக்குப் பேர்போன ஊர். பிளாட்பாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், ரயில் கம்பியையும் கம்பத்தையும் பிரித்து வைத்திருப்பதும் பீங்கான்தான். அந்தக் கம்பியில் 25,000 வோல்ட். எங்கோ தொலைவில், ஒரு கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர் அதை அணைக்கிறார். அணைந்துவிட்டது என்று கம்பியில் கைவைக்கப் போகிற லைன்மேன் எப்படி நம்புவார்?

சென்னையில் 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது கம்பியில் 1,500 வோல்ட் டிசி. வோல்டேஜ் குறைவு என்றால் கரண்ட் அதிகம், வழியில் இழப்பும் அதிகம். அதனால் சப்ஸ்டேஷன்கள் அருகருகே இருந்தாக வேண்டும். 1950-களின் இறுதியில் இந்திய ரயில்வே, பிரான்ஸின் அனுபவத்தைப் பார்த்து 25,000 வோல்ட் ஏசிக்கு வந்தது. சென்னைப் பாதையும் 1960-களில் மாறியது. இப்போது சப்ஸ்டேஷன்களுக்கு நடுவே ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்கலாம். இடையில் ஆளில்லாத ஸ்விட்ச் நிலையங்கள். ஓரிடத்தில் கம்பி அறுந்தால் அந்தத் துண்டை மட்டும் பிரித்துவிட்டு மற்றதை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஆள் ஓடிக்கொண்டிருக்க முடியுமா?

கைகொடுத்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஆபரேட்டர் இல்லாமலே இணைப்புத் தரும் ஸ்விட்சுக்கு 1891-ல் காப்புரிமை வாங்கியவர் ஆல்மன் ஸ்ட்ரௌஜர். அமெரிக்காவில் ஈமக்கிரியை ஏற்பாடு செய்யும் தொழில் அவருடையது. தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாகச் சந்தேகப்பட்டுத்தான் இதில் இறங்கினார் என்பார்கள். போனில் நம்பர் சுழற்றுவதுபோல, தொலைவில் இருக்கும் ஸ்விட்சைத் தேர்ந்தெடுத்துத் திறக்க அவர் முறை நம் ரயில்வேக்கும் உதவியது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கன்ட்ரோலருக்கு முன்னால் இன்று இருப்பது ஸ்காடா திரை.

திரையை நான் அவ்வளவு சுலபத்தில் நம்பமாட்டேன். நின்றுவிட்டதாக டேஷ்போர்டு சொன்ன ஒரு ப்ரோக்ராம் உள்ளே ஓடிக்கொண்டே இருந்ததை என் வேலையில் பார்த்திருக்கிறேன். அன்று எனக்குப் போனது ஒரு ராத்திரித் தூக்கம். இங்கே போவது உயிர்.

ரயில்வேக்காரர்களும் திரையை மட்டும் நம்புவதில்லை. கரண்டை நிறுத்தியதும் கன்ட்ரோலர் அந்தச் செய்தியை பிரைவேட் நம்பரோடு சொல்வார். வரிசையில்லாத எண்கள் அச்சடித்த தாளிலிருந்து அடுத்ததை எடுத்துச் சொல்லி, அதை அடித்துவிட வேண்டும். "சரி சரி" என்று போனில் தப்பாகக் காதில் விழுந்ததை வைத்து யாரும் மேலே ஏறிவிடக் கூடாது.

அப்போதும் தொடக்கூடாது. பக்கத்துத் தடத்துக் கம்பியில் கரண்ட் ஓடினாலே, அணைத்த கம்பியிலும் தூண்டல் மின்சாரம் ஏறும். எர்த் ராடின் ஒரு முனையை முதலில் தண்டவாளத்தில் பிணைத்து, பிறகு மறுமுனையைக் கம்பியில் மாட்ட வேண்டும். வேலை நடக்கிற இடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதற்குப் பிறகுதான் கை வைக்கலாம்.

ஸ்ட்ரௌஜர் போய் ஸ்காடா வந்த பிறகும் இந்த ராடு போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது பக்கத்துத் தடத்துக் கம்பியிலிருந்து ஒரு ராடு தொங்குவது கண்ணில் பட்டால், கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். ஏணியில் ஒருவர் நின்றிருப்பார்.