விவிக்கமும் ஒருசந்தியும்

கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்த நாட்களில் வீடு சந்திக்கச் செல்லும் குருவுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. நுழையும் வீடெல்லாம் ஒரு தட்டு நீட்டப்படும். மறுத்தால் அவர்கள் மனம் நோகும். மறுக்காவிட்டால் நம் உடல் நோகும். தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டைக்கு அருகே வாழும் மூதாட்டி ஒருவர் வீட்டில் எனக்கும் அப்படியொரு தட்டு வந்தது. அதில் மெல்லியதாய் நறுக்கிய விவிக்கத் துண்டு ஒன்று. அவர் கையிலோ கேழ்வரகு அடை.

"நீங்க சாப்பிடுங்க சாமி. கல்யாணமான நாளிலிருந்து வருசா வருசம் நான்தான் செய்யறேன். சர்க்கரை வந்த பிறகு நான் வாயில வைக்கிறதில்ல. முன்னெல்லாம் இது வருசத்துக்கு ஒருநாள்; அப்ப யாருக்கு இந்த வியாதி இருந்துச்சு?" என்றார் அவர்.

அவர் சொன்னது முழுதும் சரியா? அக்காலத்திலும் நீரிழிவு இருந்தது; அளந்து பார்க்கும் வசதிதான் குறைவு. வாழ்நாளும் இன்றைவிடக் குறுகியதே. எனினும் 'வருசத்துக்கு ஒருநாள்' என்ற அந்தச் சொல்லில் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. அதனை வாசக அன்பர்களோடு சற்றே எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

விவிக்கம் புதுச்சேரிக் கிறிஸ்தவர்களின் சொத்து. ஐரோப்பியர் கேக்கை மாவினால் செய்வர். நாம் ரவையினால் செய்கிறோம். வெண்ணெய், முட்டை, சர்க்கரை, ரம்மில் ஊறிய உலர்பழங்கள், முந்திரி இவையெல்லாம் அதில் சேரும். 1674இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்றினர். 1954இல் ஆட்சியை ஒப்படைத்து விலகினர். இடைப்பட்ட 280 ஆண்டுகளில் அவர்களது உணவு மேசையும் நம் அடுப்பங்கரையும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டதன் அடையாளங்களுள் இப்பலகாரமும் ஒன்று. பண்ருட்டிக்குப் பெயர் வாங்கித் தந்த முந்திரியும் நம் மண்ணில் தோன்றியதன்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. ஒரு துண்டு விவிக்கத்தில் மூன்று கண்டங்கள் கூடியிருக்கின்றன.

ஆனால் அதன் உயிர் சர்க்கரை. அது அயல்நாட்டுப் பொருளன்று. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலை இந்தியாவில் பிறந்தது. 'சர்க்கரா' என்ற வடசொல் பாரசீகத்தில் 'ஷக்கர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆகி, பிரெஞ்சில் 'சுய்க்ர்' ஆயிற்று. சிலுவைப் போர்களின் காலத்தில் ஐரோப்பாவுக்கு அறிமுகமான சர்க்கரை, நெடுங்காலம் மருந்துக்கடையில் அளந்து விற்கப்பட்ட அரும்பொருளாகவே இருந்தது.

அதனால்தான் 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் ஒரு விந்தையான வினாவை எதிர்கொண்டார்: சர்க்கரைப் பாகில் செய்த மருந்து இலேகியம் நோன்பை முறிக்குமா? முறிக்காது என்பது அவர் விடை. செரிமானத்துக்காக உண்பது உணவாகாது என்பது அவர் காட்டிய காரணம். ஆயினும் மருந்து என்ற பெயரைச் சாக்காக வைத்து, உணவைப் போல நிறைய உண்பவர்க்கு அந்த விலக்குப் பொருந்தாது என்ற குறிப்பையும் அவர் சேர்த்திருக்கிறார். மனித மனத்தை நன்கு அறிந்தவர்!

சர்க்கரை மலிவானபோது அதன் கதை இருண்டது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் இனிப்புத் தேவையை நிறைவு செய்தவை கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள். அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். அவர்கள் கண்ணில் பட்ட துறைமுகங்கள் புதுச்சேரியும் காரைக்காலும்.

ரெயூனியன், மர்த்தினிக், குவாதெலூப் ஆகிய தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாய் நம் மக்கள் கப்பலேறினர். 'ஒரேலி' என்ற கப்பல் 1853இல் மர்த்தினிக்குக்கு முதல் தொகுதி இந்தியரைக் கொண்டுசென்றது. அதே கப்பல் குவாதெலூப்பின் முதல் இந்தியத் தொழிலாளரைக் கரைசேர்த்தது 1854 டிசம்பர் இறுதியில், கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிய நாட்களில். அத்தீவுக்கு மட்டும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் சென்ற இந்தியர் ஏறத்தாழ 42,000 பேர். பலர் நோயிலும் கடும் உழைப்பிலும் மடிந்தனர். பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. இங்குள்ள மாதாக்கோவில்களில் பிறப்பு விழா மணி ஒலித்த அந்நாட்களில், நம் மண்ணின் மக்கள் வேற்றுக் கரையில் கரும்பு வெட்ட இறக்கப்பட்டனர். இனிப்புக்கு ஒரு விலை உண்டு என்பதை இதைவிடத் துயரமாய் எந்த ஏடு சொல்லும்?

திருச்சபை இனிப்பை வெறுத்ததில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நோன்பை வைத்தது. இடைக்காலத்தில் தவக்காலம் முழுதும் இறைச்சி மட்டுமன்றி முட்டை, பால், வெண்ணெய் ஆகியனவும் விலக்கப்பட்டிருந்தன. எண்ணெய் அரிதான ஜெர்மனியின் சாக்சனி நாட்டவர் முறையிட்டதன்பேரில், 1491இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய் பயன்படுத்த அனுமதி வழங்கினார். 'வெண்ணெய் மடல்' என்று வரலாறு அதனைக் குறிக்கின்றது. ஜெர்மானியரின் கிறிஸ்து பிறப்புவிழா ரொட்டியான 'ஸ்டோலன்' கொழுப்பும் சுவையும் பெற்றது அதற்குப் பின்னரே.

1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு வெண்ணெயையும் முட்டையையும் தடுக்கவில்லை. எனினும் தவக்காலத்தோடு, பெந்தெகொஸ்து, விண்ணேற்பு, அனைத்துப் புனிதர், கிறிஸ்து பிறப்பு ஆகிய நான்கு பெருவிழாக்களின் முந்திய நாட்களிலும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் காக்கப் பணித்தது. ஒருசந்தி என்றால் முழு உணவு ஒருவேளை மட்டும். சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்கு. என் தாயார் சிறுமியாயிருந்தபோது, ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து வெந்து வந்த விவிக்கம் வீடெல்லாம் மணக்க, ஒருவரும் அதைத் தொடமாட்டார்களாம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த பிறகே கத்தி எடுப்பார்களாம். காத்திருந்த நாவுக்குத்தான் அதன் இனிமை தெரிந்தது.

1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்புச் சட்டங்களைத் தளர்த்தினார். ஒறுத்தலைக் கைவிடுவது அவர் நோக்கமன்று. கட்டளைக்கு அஞ்சிச் செய்ததை இனி அன்பினால் உணர்ந்து செய்ய வேண்டும் என்பதே. நாமோ தளர்வை ஏற்றுக்கொண்டோம், உணர்வை மறந்துவிட்டோம். நோன்பு நாட்கள் குறைந்த அதே காலத்தில் சர்க்கரை மலிந்தது. இனிப்புக் கடைகள் தெருவுக்குத் தெரு பெருகின. விழாவுக்குரிய உணவு அன்றாட உணவாயிற்று.

இதன் விலையை இன்று நம் உடல் செலுத்துகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த தேசிய ஆய்வொன்று 2023இல் வெளியானது. 20 வயதைக் கடந்த இந்தியரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணித்தது. கோவாவில் அது 26.4, புதுச்சேரியில் 26.3. நாட்டிலேயே முதலிரண்டு இடங்கள்! பிறவிக் கூறு, உழைப்புக் குறைவு, நகர வாழ்க்கை, அரிசிச் சோற்றின் மிகுதி எனக் காரணங்கள் பல. பழியையெல்லாம் விவிக்கத்தின்மேல் சுமத்துவது நீதியாகாது. ஆண்டுக்கு ஒரு துண்டு நம்மை நோயாளியாக்கவில்லை. நாள்தோறும் நான்கு முறை அருந்தும் சர்க்கரைத் தேநீரும், மாலைதோறும் கொறிக்கும் மாப்பண்டமும் தம் பங்கைச் செய்கின்றன. பண்டங்களில் சேர்ப்பது, தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ளது எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு ஒருநாளைக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் சர்க்கரை இருப்பது நலம் என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் தந்த அறிவுரை.

'சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி சேர்த்தேன், வெல்லம் சேர்த்தேன்' என்று மனம் தேற்றிக்கொள்வோர் பலர். இவற்றில் தாதுக்கள் சிறிது உண்டு. ஆனால் இவையும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவனவே. மருந்தின் பெயரால் உணவை உண்பவரைப் பற்றிப் புனித தோமா தந்த எச்சரிக்கை இங்கும் பொருந்தும். அளவே அறம். சுண்டலும், கேழ்வரகு அடையும், வேர்க்கடலையும், கொய்யாவும் அன்றாடச் சிற்றுண்டியாக இருக்கட்டும். இவையெல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. நம் பாட்டிமார் ஏழ்மையில் உண்டவை. அவையே இன்று நமக்கு நலம் தருபவை.

ஆனால் விழா நாளில் விவிக்கத்தை விலக்கச் சொல்லமாட்டேன். உடல்நிலை இடங்கொடுப்போர் நன்றியோடு உண்ணட்டும். தேனைக் கண்டால் போதுமான அளவே உண்ண வேண்டும் என்று நீதிமொழிகள் நூல் எச்சரிக்கிறது. உண்ணவே கூடாதென்று அது சொல்லவில்லை. நெகேமியாவின் நூலிலோ, திருச்சட்டம் வாசிக்கக் கேட்டு அழுத மக்களை நோக்கி, கொழுமையானதை உண்டு இனியதைப் பருகுமாறு கட்டளை பிறக்கிறது. அதே மூச்சில், ஒன்றும் சமைக்க வழியற்றவர்க்கும் பங்கு அனுப்பச் சொல்கிறது. பங்கிடாத விருந்து விவிலியத்தின் பார்வையில் விருந்தே அன்று. கரும்புத் தோட்டங்களின் கதை நமக்கு உணர்த்துவதும் அதுதான்: இனிப்பை ஒருவர் தமக்கென்றே குவித்துக்கொள்ளும்போது, அதன் கசப்பை வேறொருவர் விழுங்க நேரிடுகிறது.

தட்டாஞ்சாவடி மூதாட்டியிடம் நான் கேட்டேன்: "நீங்களே சாப்பிட முடியாததை ஏன் அம்மா இவ்வளவு பாடுபட்டுச் செய்கிறீர்கள்?"

அவர் சிரித்தார். "இந்தத் தெருவுல பதினாலு வீடு, சாமி. எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு போகுது. அவங்க சாப்பிட்டா எனக்கு இனிக்காதா?"

நான் அந்த மெல்லிய துண்டை உண்டேன். மற்றொன்று கேட்கத் தோன்றவில்லை. விழாவுக்கு முந்திய நாளில் ஒருசந்தி காத்து, விழா நாளில் ஒரு துண்டை உண்டு, மறு துண்டை அடுத்த வீட்டுக்கு அனுப்பும் இல்லம் ஒன்றேனும் நம் பங்கில் இவ்வாண்டு பெருகுமாயின், நம் முன்னோர் அறிந்திருந்த அந்த இனிமையை நாமும் மீண்டும் அறிவோம்.