நீரிழிவு

பெயர்ச்சொல். நீர் + இழிவு. இங்கே நீர் என்பது சிறுநீர். இழிதல், இறங்கி ஒழுகுதல். சிறுநீர் மிகுதியாகக் கழியும் நோய். 'டயாபடீஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் 'ஊடே கடந்து செல்வது' என்பதே பொருள். சித்த மருத்துவத்தில் மதுமேகம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பேச்சில் 'சர்க்கரை', 'சுகர்'. மருத்துவச் சீட்டில் 'டி.எம்.'.

மருத்துவப் பதிவுகளைப் படிக்கும் கணினி இப்பெயர்களையெல்லாம் ஒரே நோயாக இணைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்ப் பட்டியலில் இரண்டாம் வகை நீரிழிவின் குறியீடு இ11. நோய் இல்லை என்னும் மறுப்பையும் கணினி அறிய வேண்டும். 2001இல் வெளியான 'நெக்எக்ஸ்' முறை, ஆங்கிலப் பதிவுகளில் பெரும்பாலும் நோய்ப்பெயருக்கு முன்னால் மறுப்புச் சொல்லைத் தேடும். தமிழிலோ 'சுகர் இல்லை' என்று மறுப்பு பின்னால் வரும். எனவே தமிழுக்கெனத் தனி விதிகள் வகுப்பது கட்டாயம்.